மஞ்சள் காலுக்கு, ஊசி இறகுக்கு

புக்கிட் பாஞ்சாங் கம்போங்கில், அதாவது கிராமத்தில், அந்த வருஷம் கோழிகளுக்கெல்லாம் அம்மை போட்டுவிட்டது. சிரிக்க வேண்டாம். மனுஷருக்குப் போடுவது போலத்தான் கோழிக்கும் போடும். முதலில் கொண்டையில் மிளகு அளவுக்கு ஒரு கொப்புளம் எழும்பும். பிறகு அலகோரம், கண்ணோரம் என்று பரவி இமையை ஒட்டிவிடும். கண் திறக்காத கோழி தீனியை எங்கே போய்த் தேடும்? பட்டினி கிடந்தே செத்துப்போகும்.

அங்கே ஒரு வீட்டு வரிசையில் குடியிருந்த தமிழ்க் குடும்பங்கள் தங்களுக்குத் தெரிந்ததைச் செய்தன. கூண்டு வாசலில் வேப்பிலை செருகினார்கள். வீட்டில் தாளிப்பதை நிறுத்தினார்கள். வெளியாட்களை வாசலோடு திருப்பி அனுப்பினார்கள். ஆத்தா வந்திருக்கிறாள், அவளாக மனமிரங்கிப் போகட்டும் என்று காத்துக் கிடந்தார்கள். அவள் போனபோது கூண்டுகளில் இறகுதான் மிச்சம் இருந்தது.

கண்மணி அன்றைக்கு அழுத அழுகையை அக்கம்பக்கத்தார் வெகுநாள் சொல்லிக் காட்டினார்கள். கோழிக்கா இப்படி அழுவாள் ஒருத்தி என்று. அழாமல் என்ன செய்வாள்? கழுத்துத் தாலியை விட்டால் இந்த உலகத்தில் அவளுடையது என்று சொல்லிக்கொள்ள இருந்தது அந்தக் கோழிகள் மட்டும்தான். அவள் புருஷன் மாணிக்கம் கருங்கல் குவாரியில் வேலை செய்தான். அவன் சம்பளம் வீட்டுக்கு. முட்டை அவளுக்கு. பக்கத்து வீட்டு மைமூனின் புருஷன் காதர் மைதீன் தேக்கா பாசார் என்ற சந்தையில் கடை வைத்திருந்தார். அவர்தான் கண்மணியின் முட்டைகளைக் கூடையில் வாங்கிப் போய் அங்கே விற்றுக் கொடுப்பார். அந்தக் காசில் அவள் தனக்கென்று ஒரு சேலை எடுத்ததை யாரும் பார்த்ததில்லை. மாணிக்கத்தின் தங்கை லீலாவைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பியது அந்த முட்டைதான்.

அடுத்த வருஷம், அறுபத்தொன்று அது, மறுபடி நாலு குஞ்சு வாங்கி வளர்த்துக்கொண்டிருந்தபோது ஒரு வேன் ஒலிபெருக்கியோடு வந்தது. மலாய், சீனம், தமிழ் மூன்றிலும் ஒரே செய்தியைக் கத்திக்கொண்டு போனது. பாயா லேபார் பக்கம் அரசாங்கப் பண்ணையில் கோழி, வாத்து, மாடு வளர்க்கச் சொல்லிக் கொடுக்கிறார்களாம். பெண்களும் வாலிபப் பிள்ளைகளும் சேரலாமாம். வாரம் ஒரு நாள், காலையிலிருந்து சாயங்காலம் வரை. கோழிக்கு நோய் வராமல் ஊசி குத்தவும் பழக்குவார்களாம்.

கண்மணி அன்றைக்குச் சோற்றைக் குழைய விட்டுவிட்டாள். மனசு வேன் பின்னாலேயே போய்விட்டது.

மாணிக்கம் கெட்டவன் இல்லை. குடிக்க மாட்டான், கை நீட்ட மாட்டான். ஆனால் ஊர் வாய்க்குப் பயப்படுகிற ஆள். பொம்பளை ரெண்டு பஸ் மாறிப் போய் ஆம்பளைகளோடு உட்கார்ந்து கோழி பிடிக்கப் படிக்கிறாள் என்று ஒருத்தன் குவாரியில் வாயைத் திறந்தால் அவனுக்குத் தலை நிமிராது. இரண்டு நாள் யோசித்தான். மூன்றாம் நாள் இரண்டு நிபந்தனை போட்டுச் சரி என்றான். அவன் வேலை விட்டு வரும்போது அவள் வீட்டில் இருக்க வேண்டும். அவளால் ஒருத்தர் வாயிலிருந்தும் ஒரு சொல் வரக்கூடாது.

"ஒரு சொல் வந்துச்சுன்னா அதோட முடிஞ்சுது. உனக்கும் இல்ல, லீலாவுக்கும் இல்ல" என்றான்.

லீலாவை ஏன் இழுத்தான் என்றால், அவள் அதற்குள் அண்ணன் காலைப் பிடிக்காத குறையாகக் கெஞ்சிக்கொண்டிருந்தாள். பதினேழு வயசு. படிப்பு முடிந்து, மாப்பிள்ளை பார்க்கிறோம் என்ற பேச்சில் வீட்டோடு அடைந்து கிடந்தாள். அண்ணி நல்லபடியாகப் படித்து வந்தால் அடுத்த வகுப்பில் அவள் சேரலாம் என்று பேச்சு. ஆக, கண்மணி ஒருத்தி பஸ் ஏறினாலும் டிக்கெட் இரண்டு பேருக்கும் சேர்த்துத்தான்.

வியாழக்கிழமைதோறும் விடிவதற்குள் சமைத்து வைத்துவிட்டு முதல் பஸ்ஸில் டவுனுக்குப் போவாள். அங்கிருந்து சிராங்கூன் சாலைக்கு நடந்து அடுத்த பஸ். வகுப்பில் சீனப் பெண்கள் இருந்தார்கள், மலாய்ப் பையன்கள் இருந்தார்கள். தமிழ்ப் பெண் இவள் ஒருத்தி. சொல்லிக் கொடுத்தவர் சியா என்ற சீன அதிகாரி. சந்தை மலாய்தான் அங்கே எல்லாருக்கும் பாஷை. தாய்க்கோழி இல்லாமல் விளக்குச் சூட்டில் குஞ்சு வளர்ப்பது, தீனி கலப்பது, கூண்டில் ஈரம் தங்காமல் பார்ப்பது எல்லாம் படித்தாள். கேள்வி கேட்க முதலில் கூச்சப்பட்டவள் நாலாம் வாரம் சியா அலுத்துப்போகிற அளவுக்குக் கேட்டாள்.

அம்மை குத்துவதுதான் அவள் காத்திருந்த பாடம். இரண்டு பல் வைத்த ஊசியை மருந்தில் தோய்த்து, இறக்கையை விரித்து, எலும்பும் சதையும் இல்லாத மெல்லிய தோலில் ஒரே குத்து. அவ்வளவுதான். சியா திரும்பத் திரும்ப ஒன்றைச் சொன்னார். குத்துகிற இடத்தில் எந்த மருந்தும் தடவாதே. ஸ்பிரிட் கூடாது, டெட்டால் கூடாது. உள்ளே போவது உயிருள்ள சரக்கு, மருந்து பட்டால் அது செத்துப்போகும். கண்மணி கோழிக்கு வலிக்காமல் குத்தினாள். கை நல்ல கை என்று அவரே சொன்னார்.

மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு எல்லாரும் பின்பக்கக் கொட்டகைக்குப் போவார்கள். முந்தின வாரங்களில் குத்திய கோழிகளைப் பார்த்து மேற்கொண்டு பாடம் அங்கே நடக்கும். கண்மணி மட்டும் பையை எடுத்துக்கொண்டு பஸ் நிறுத்தத்துக்கு ஓடுவாள். குவாரிச் சங்கு ஊதுவதற்குள் புக்கிட் பாஞ்சாங் போய்ச் சேர வேண்டுமே. அந்தக் கொட்டகையின் உள்பக்கத்தை அவள் ஒரு நாளும் பார்த்ததில்லை.

பயிற்சி முடிந்தது. தேறியவர்கள் தங்கள் வரிசைக் கோழிகளுக்குக் குத்த அரசாங்கமே மருந்து கொடுத்தது. ஒரு சனிக்கிழமை கண்மணி அதை வாங்கி, தேக்கா பாசாரில் மீன்காரரிடம் ஐஸ் கேட்டுப் பிளாஸ்கில் நிரப்பி, மருந்தை அதில் புதைத்துக்கொண்டு குழந்தையைத் தூக்கி வருவது போல மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தாள்.

வந்து பார்த்தால் மாணிக்கம் முகம் சரியில்லை. ஆத்தா வருகிற வழியில் ஊசியை நீட்டுகிறோமே, அவளிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டாமா என்று இழுத்தான். உண்மையைச் சொன்னால் கண்மணிக்கும் அதே பயம்தான். பாயா லேபாரில் குத்தியது அரசாங்கத்துக் கோழி. இது அவள் ஊர், அவள் ஆத்தா. வேப்பிலையும் மஞ்சளும் அரைத்துக் கோயிலில் வைத்துக் கும்பிட்டு எடுத்து வந்தாள். லீலா கோழியைப் பிடிக்க, கண்மணி இறக்கையை விரித்து, குத்துகிற இடத்தில் அந்த விழுதைப் பட்டையாகப் பூசி, தாயே பொறுத்துக்கோ என்று சொல்லிவிட்டுக் குத்தினாள். மருந்து தடவாதே என்று சியா சொன்னது அவளுக்கு நன்றாக நினைவிருந்தது. ஆனால் மஞ்சளை யாராவது மருந்து என்பார்களா? அது ஆத்தாளுக்குச் செய்கிற மரியாதை. வரிசையில் எல்லா வீட்டிலும் அப்படியே செய்தாள். எல்லாருக்கும் திருப்தி.

கடைசியாக மைமூன் வீடு. அங்கே மட்டும் கை தயங்கியது. தன் சாமி மஞ்சளை அவர்களைக் கேட்காமல் அவர்கள் வீட்டுக் கோழிமேல் பூசுவது முறையில்லை என்று பட்டது.

"ராத்தா, மஞ்சள் பூசட்டா?" என்று கேட்டாள். அக்காவை ராத்தா என்பது மைமூன் வீட்டு வழக்கம். கண்மணிக்கும் அதுவே வாயில் ஒட்டிவிட்டது.

"அது எதுக்கு புள்ள? பிஸ்மி சொல்லிக் குத்து, போதும்" என்றாள் மைமூன். அப்படியே நடந்தது.

ஒரு வாரம் போயிற்று. வரிசையில் ஒரு கோழிக்கும் ஒன்றும் ஆகவில்லை. குத்தின அடையாளம்கூடத் தெரியவில்லை. ஆத்தா உத்தரவு கொடுத்துவிட்டாள் என்று பேசிக்கொண்டார்கள். மாணிக்கம் குவாரியில் பெண்டாட்டி பேச்சைத் தானாகவே எடுத்தான் என்றால் பாருங்கள். லீலா அடுத்த வகுப்புக்குப் பாவாடை தாவணி எதைக் கட்டுவது என்பது வரை போய்விட்டாள்.

மைமூன் வீட்டுக் கதவு மட்டும் சாத்தியே கிடந்தது. வேலிப்பக்கம் வந்து நாலு வார்த்தை பேசாவிட்டால் தூக்கம் வராத மனுஷி, கண்மணி தலையைக் கண்டால் உள்ளே போய்விடுகிறாள். முட்டைக் கூடை வாங்க வரும் காதர் மைதீன் அண்ணனும் தரையைப் பார்த்தபடியே வாங்கிப் போனார். என்ன தப்புச் செய்தோம் என்று கண்மணிக்குப் புரியவில்லை. இரண்டு நாள் பொறுத்துப் பார்த்தாள். மூன்றாம் நாள் பின்பக்கமாகப் போய், கேட்காமல் கொள்ளாமல் அடுப்படிக்குள் நுழைந்தாள்.

கோழிகள் எல்லாம் அடுப்படி மூலையில் கவிழ்த்த கூடைக்குள் கிடந்தன. ஒன்றை எடுத்து இறக்கையை விரித்தாள். குத்தின இடத்தில் கொப்புளம் தடித்து, பொருக்குக் கட்டி நின்றது. அடுத்ததிலும் அதே. அதற்கடுத்ததிலும். நோயைத் தடுக்கிறேன் என்று வந்து நானே நோயைக் கொடுத்துவிட்டேனே என்று அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"ஏன் ராத்தா என்கிட்ட சொல்லல?"

"சொன்னா ஊருக்குத் தெரியும். ஊருக்குத் தெரிஞ்சா உன் வீட்டுக்காரரு உன்னை விடுவாரா? அந்தப் பொண்ணை விடுவாரா?" மைமூன் அவள் கையிலிருந்து கோழியை வாங்கிக் கூடைக்குள் விட்டாள். "கோழி போனா வேற வாங்கிக்கலாம் லா. நீ வாயைத் திறக்காதே. நானும் திறக்க மாட்டேன்."

இப்படிப்பட்ட ஒருத்தியை யார் பெற்றார்களோ, அவர்கள் வயிறு குளிரட்டும். வேலிக்கு அந்தப்பக்கம் கதவைச் சாத்திக்கொண்டு கோபமாக இருக்கிறாள் என்று இவள் நினைத்தால், அவள் இவளுடைய மானத்தையல்லவா கூடை போட்டு மூடி வைத்திருந்தாள்! கண்மணி அவள் மடியில் முகம் புதைத்து அழுதுவிட்டு, முகத்தைக் கழுவிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். அந்த வாரம் முழுக்க அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை, மாணிக்கம் வீட்டில் இருக்கும்போது, சியா ஜீப்பில் வந்து இறங்கினார். குத்தியது எப்படி என்று பார்க்க வந்தாராம். வரிசையே கூடிவிட்டது. சியா ஒரு கோழியைப் பிடித்து இறக்கையை விரித்தார். கீழே விட்டார். இன்னொன்றைப் பிடித்தார். அடுத்த வீடு, அதற்கடுத்த வீடு. போகப்போக அவர் முகம் சிறுத்துக்கொண்டே வந்தது. கடைசியில் கண்மணி பக்கம் திரும்பி, கொடுத்த மருந்து முழுக்க வீண், ஒரு கோழிக்குக்கூடப் பிடிக்கவில்லை, வழியில் ஐஸ் கரைய விட்டாயா என்று எல்லார் முன்னாலும் கேட்டார். இனி அவளை நம்பி மருந்து கொடுப்பதற்கில்லை என்றும் சொன்னார்.

வந்துவிட்டது சொல். அதுவும் அதிகாரி வாயிலிருந்து. மாணிக்கம் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டான். லீலா கதவோரம் நின்று உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள். கண்மணிக்கு வேலிக்கு அப்பால் மறைந்து கிடக்கும் கொப்புளங்கள்தான் நினைவில் ஓடின. வரிசைக் கோழிக்குப் பிடிக்கவில்லை, ராத்தா கோழிக்கு நோயே வந்துவிட்டது என்று தெரிந்தால் இந்த அதிகாரி இன்னும் என்னென்ன சொல்வாரோ என்று பயந்தாள்.

ஆனால் ஒரு வார்த்தை காதில் இடறியது. பிடிக்கவில்லை என்றாரே, பிடித்தால் எப்படி இருக்கும்? அதை அவரிடமே கேட்டாள்.

சியா அவளை விநோதமாகப் பார்த்தார். பிறகு சட்டைக் கையை மேலே சுருட்டித் தோளுக்குக் கீழே இருந்த வட்டத் தழும்பைக் காட்டினார். சின்ன வயசில் உனக்கும் அம்மை குத்தினார்களே, புண் வந்து ஆறியது இல்லையா, கோழிக்கும் அப்படித்தான், ஒரு வாரத்தில் புண் வந்தால்தான் மருந்து பிடித்தது என்று அர்த்தம் என்றார். கூட்டத்தில் ஒவ்வொருவராகத் தங்கள் கையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்கள். மாணிக்கம் கப்பலில் வந்து இறங்கியபோது, வந்தவர்களை நோய்க்காக நிறுத்தி வைக்கும் தீவில் குத்திய தழும்பு அவன் கையிலும் இருந்தது. எல்லார் கையிலும் இருந்த ஒன்று ஒருத்தர் புத்தியிலும் இல்லாமல் போயிற்று.

கண்மணி வேலிக்கு ஓடினாள். "ராத்தா, கோழியக் கொண்டாங்க."

மைமூன் வாசலுக்கு வந்தாள். ஜீப்பைப் பார்த்தாள், அதிகாரியைப் பார்த்தாள், கண்மணியின் கலங்கிய கண்ணைப் பார்த்தாள். நேராக சியாவிடம், என்னிடம் கோழியே கிடையாது, எல்லாவற்றையும் போன வாரமே விற்றுவிட்டேன் என்று மலாயில் ஒரே போடாகப் போட்டாள். அவள் சொல்லி வாய் மூடவில்லை, அடுப்படியிலிருந்து ஒரு பெட்டை முட்டையிட்டு ஊரைக் கூட்டியது.

"மறைக்காதீங்க ராத்தா. புண்ணுதான் நல்லதாம்" என்று சொல்லிச் சிரிக்கவும் முடியாமல் அழவும் முடியாமல் நின்றாள் கண்மணி.

கோழிகள் வெளியே வந்தன. சியா ஒவ்வொன்றாகப் பார்த்தார். ஒன்று தவறாமல் பிடித்திருந்தது. ஒரே நாள், ஒரே மருந்து, ஒரே கை. இங்கே பிடித்தது அங்கே ஏன் பிடிக்கவில்லை, அங்கே வேறு என்ன செய்தாய் என்று கேட்டார்.

கண்மணி மஞ்சளைச் சொன்னாள். "நான்தான் பூசினேன்" என்றாள்.

"நான் சொல்லித்தான் பூசினா" என்றான் மாணிக்கம். ஊர் வாய்க்கு அத்தனை பயப்படுகிறவன் ஊர் முன்னால் அதைச் சொன்னான்.

சியாவுக்குக் கோபம் இறங்கிவிட்டது. மஞ்சளும் வேம்பும் கிருமியைக் கொல்லும், இதையும் கொன்றிருக்கும் என்றார். எல்லாம் சரி, புண் வர வேண்டும் என்பது உனக்கு எப்படித் தெரியாமல் போனது, ஒவ்வொரு வாரமும் மத்தியானம் கொட்டகையில் அதைத்தானே காட்டினேன் என்று கேட்டார்.

கண்மணி மெதுவாக, தான் மத்தியானம் இருந்ததில்லை என்றாள். ஏன் என்று அவர் கேட்டதற்குத் தலையைக் குனிந்துகொண்டாள். கேட்க வேண்டியவனுக்கு அதுவே கேட்டுவிட்டது. மாணிக்கம் துண்டைத் தோளிலிருந்து எடுத்து முகத்தை அழுந்தத் துடைத்துக்கொண்டு வேலியைப் பார்த்தபடி நின்றான்.

அடுத்த சனிக்கிழமை சியா மறுபடி மருந்து கொடுத்தார். மஞ்சள் இல்லாமல் குத்துவதா என்று வரிசையில் முணுமுணுப்பு எழுந்தது. ஆத்தாளை விடவும் மனசு வரவில்லை, மருந்தைக் கொல்லவும் மனசு வரவில்லை. அதற்கு வழி சொன்னது மாணிக்கம்தான். ஒரு கிண்ணத்தில் மஞ்சளைக் கரைத்துக்கொண்டு முதல் கூண்டின் முன் குந்தி உட்கார்ந்தான்.

"மஞ்சள் காலுக்கு, ஊசி இறகுக்கு. ஆத்தாளுக்கும் குறை இல்ல, சியாவுக்கும் குறை இல்ல" என்றான். அவன் ஒவ்வொரு கோழியின் காலிலும் மஞ்சள் பூசப் பூச, லீலா பிடித்துக்கொள்ள, கண்மணி குத்திக்கொண்டே போனாள்.

அதற்கப்புறம் அந்த வரிசையில் நடந்த கூத்து இருக்கிறதே! காலையில் எழுந்ததும் ஒருத்தி இன்னொருத்தியிடம், உன் கோழிக்குப் புண் வந்துவிட்டதா என்று விசாரிப்பாள். வந்துவிட்டது என்பவள் பூரிப்பாள். வராதவள் முகம் வாடிப்போய்க் கண்மணியைத் தேடி வருவாள். மைமூன் வேலியில் கையை ஊன்றிக்கொண்டு, என் வீட்டில்தான் முதலில் வந்தது என்று பெருமையடித்துக்கொண்டாள். அந்த மழைக்காலத்தில் சாலைக்கு அப்பால் இருந்த கம்போங்கில் அம்மை வந்து கோழிகளை வாரிக்கொண்டு போனது. மஞ்சள் கால் கோழிகள் ஒன்றும் ஆகாமல் மழையில் நனைந்துகொண்டு மேய்ந்தன.

புது வருஷத்தில் அடுத்த வகுப்பு தொடங்கியது. முதல் வியாழக்கிழமை லீலாவைப் பஸ் ஏற்றிவிட மாணிக்கமும் வந்தான். கண்மணியும் சமையலறைத் துணியும் கையுமாகப் பின்னால் வந்தாள். பஸ் தூரத்தில் தெரிந்தபோது அவன் தங்கையிடம் சொன்னான்.

"மத்தியான வகுப்பு முடியாம வந்துடாதே. பஸ்ஸு போயிட்டா அங்கேயே நில்லு. நான் வந்து கூட்டிக்கிறேன்."

லீலா தலையாட்டினாள். கண்மணி பஸ் வரும் சாலையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். இந்த ஒரு வார்த்தை தனக்குச் சொல்லப்பட்டிருந்தால் என்று நினைக்காமல் இருக்க அவள் என்ன கல்லா? பஸ் வந்து நின்றது. லீலா ஏறினாள். மாணிக்கம் பெண்டாட்டியின் கையிலிருந்த சமையலறைத் துணியை வாங்கித் தன் தோளில் போட்டுக்கொண்டான்.

"நீயும் ஏறு" என்றான். "நீ பாக்காத மத்தியானம் எல்லாம் பாக்கி இருக்குல்ல. போய்ப் பாத்துட்டு வா."

கோழிக்குத் தீனி வைக்கவில்லையே என்று அவள் தடுமாறினாள். நானும் ராத்தாவும் பார்த்துக்கொள்கிறோம் என்று அவன் சொல்லி முடிப்பதற்குள் கண்டக்டர் மணியடித்தார். கண்மணி வீட்டுச் சேலையோடு, காலில் செருப்புகூட இல்லாமல், பஸ்ஸில் ஏறி லீலாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.